மாங்கனீசும் கொங்கு நாடும்

மாங்கனீசு இரும்புக்கு நெருங்கிய உறவான சாம்பல் நிற உலோகம். அணு எண் 25. தனியாக எடுத்தால் கடினமாக இருக்கும், ஆனால் எளிதில் நொறுங்கிவிடும். அதனால் தனி உலோகமாக அதற்கு வேலை குறைவு. உலகில் வெட்டப்படும் தாதுவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும் போகிறது. பைரோலுசைட், சைலோமெலேன், பிரௌனைட் ஆகியவை முக்கியத் தாதுக்கள். 1774இல் சுவீடனின் ஷீலே இதை ஒரு புதிய தனிமம் என்று காட்ட, அவருடைய நண்பர் கான் அதே ஆண்டில் உலோகத்தைப் பிரித்தெடுத்தார்.

கொங்கு நாட்டில் தொழில்முறையில் வெட்டத்தக்க மாங்கனீசுப் படிவம் கிடையாது. கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு, சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் உண்டு, மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் உண்டு. மாங்கனீசு மட்டும் இல்லை. ஆனாலும் எஃகில் மாங்கனீசு புகுந்த கதையைச் சொல்லப் புகுந்தால் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

காரணம் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்த இவர் சேலத்தில் வணிக அதிகாரியாக இருந்தபோது உள்ளூர்க் கொல்லர்களின் எஃகைக் கண்டு அதில் மூழ்கிப்போனார். (இயற்கை ஆர்வமும் இருந்திருக்கிறது, மஞ்சள் வௌவால் ஒன்றின் அறிவியல் பெயரில் இன்றும் இவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலம் வட்டாரத்திலிருந்து காவிரியில் பரிசல்களில் ஏறிப் போனது. உலைக்கு வேண்டிய கரி முழுவதும் காட்டு மரத்திலிருந்து வந்தது. பணத் தட்டுப்பாடும் கரித் தட்டுப்பாடும் அந்த ஆலையைக் கடைசிவரை விடவில்லை. கருப்பூர்ப் பக்கம் வெட்டிய குரோமைட்டைக் கப்பலேற்றி விற்றது அவ்வப்போது கைகொடுத்தது.

இந்திய இரும்பு, எஃகு பற்றி ஹீத் எழுதிய கட்டுரை ராயல் ஆசியச் சங்கத்தின் இதழில் வந்தது. சேலத்துக் கொல்லர் எஃகு காய்ச்சிய முறையை அதில் அவர் படிப்படியாக விவரித்திருக்கிறார். களிமண்ணோடு உமி பிசைந்து சிறு மூசைகள் செய்வார்கள். அடித்துத் துண்டாக்கிய தேனிரும்பு, பொடியாக நறுக்கிய காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே ஒன்றிரண்டு எருக்கிலை, இவற்றை உள்ளே வைத்து வாயை மண்ணால் அடைப்பார்கள். மண் காய்ந்ததும் இருபது, இருபத்துநான்கு மூசைகளை ஒரே உலையில் அடுக்கிக் கரியால் மூடித் துருத்தி ஊதுவார்கள். இரண்டரை மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் எஃகுக் கட்டி உறைந்திருக்கும். காற்றுப் புகாத மூசைக்குள் கரிப்பொருளையும் இரும்பையும் சேர்த்து உருக்குவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை அவர் வெளிப்படையாகவே வியந்திருக்கிறார். கொடுமணல் அகழாய்வில் வெளிவந்த உலைகள், இந்தக் கைவேலை நொய்யல் கரையில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பழகியது என்று காட்டுகின்றன.

இங்கிலாந்து திரும்பிய ஹீத் 1839 ஏப்ரலில் ஒரு காப்புரிமை பெற்றார். மூசை எஃகில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குவரை கரிமம் கலந்த மாங்கனீசைச் சேர்ப்பது என்பதே அதன் சாரம். மாங்கனீசு உருகிய எஃகிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக் கசடாக வெளியேற்றும். கந்தகத்தையும் தன்னோடு கட்டிக்கொள்ளும். கந்தகம் இரும்போடு சேர்ந்திருந்தால், பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்கும்போது எஃகு விண்டுபோகும். மாங்கனீசு சேர்ந்தால் அந்தக் கோளாறு நீங்கும். அதுவரை ஒட்டவைத்து அடிக்கத்தக்க நல்ல எஃகுக்கு விலை உயர்ந்த சுவீடன் இரும்பையே இங்கிலாந்தின் எஃகு நகரான ஷெஃபீல்டு நம்பியிருந்தது. ஹீத்தின் முறை வந்தபின் மலிவான இரும்பே போதும் என்றானது. எஃகின் விலை சட்டென்று இறங்கியது.

ஆனால் பலன் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய முகவராக இருந்த அன்வின், மாங்கனீசுக் கரிமச் சேர்மத்தைத் தனியே செய்ய வேண்டியதில்லை, மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் போட்டாலே உள்ளுக்குள் அது உருவாகிவிடும் என்ற வழியைப் பிடித்துத் தனியே தொழில் நடத்தினார். ஹீத் வழக்குத் தொடுத்தார். 1851இல் அவர் இறந்தபோதும் வழக்கு முடியவில்லை. 1855இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கமே தீர்ப்பளித்தது. காப்புரிமையின் சொற்களுக்குள் அந்த வழி அடங்காது என்பதே வாதம். நியாயம் எந்தப் பக்கம் என்பதில் வேதியியல் தெரிந்தவர்களுக்குப் பெரிய சந்தேகம் இருக்க முடியாது. அடுத்த ஆண்டே ராபர்ட் மஷெட், உருகிய இரும்பில் காற்றை ஊதிச் செய்யும் பெசமர் எஃகின் குறையை மாங்கனீசு மிகுந்த வார்ப்பிரும்பால் தீர்த்துக் காட்டினார். அதன்பின் இந்த உலோகம் இல்லாமல் எஃகாலை நடத்த முடியாது என்றாகிவிட்டது.

தேவை பெருகியதும் தாதுவைத் தேடும் வேலை இந்தியாவுக்கு வந்தது. அப்போதைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், விஜயநகரம் பகுதியில் 1892 வாக்கில் சுரங்க வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் நாக்பூர், பாலாகாட் படிவங்களும் திறந்தன. 1905இல் ரஷ்யாவில் எழுந்த கலவரம் அந்நாட்டு வரத்தைக் குலைத்தபோது இந்தியத் தாதுவுக்கு நல்ல காலம் பிறந்தது. எல். எல். ஃபெர்மர் 1909இல் இந்தியப் படிவங்களைப் பற்றி வெளியிட்ட புவியியல் ஆய்வுத்துறைப் பெருநூல் இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுவது. இன்று மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஒடிசா, கர்நாடகத்தின் சண்டூர், ஆந்திரம் ஆகியவை முக்கிய இடங்கள். மாயில் என்ற பொதுத்துறை நிறுவனம் பாலாகாட்டில் 400 மீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டுகிறது. இருப்பினும் உயர்தரத் தாதுவில் ஒரு பகுதியைத் தென்னாப்பிரிக்கா, காபோன் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்துதான் ஆலைகள் ஓடுகின்றன.

கொங்கு நாடு தாதுவை வாங்குவதில்லை. மின்உலையில் இரும்போடு உருக்கிய ஃபெர்ரோ மாங்கனீசாகவே அது இங்கே வருகிறது. அதில் முக்கால் பங்கு அளவுக்கு மாங்கனீசு இருக்கும். கோவையின் பம்பு, மோட்டார், ஜவுளி இயந்திரத் தொழில்களுக்கு வார்ப்படம் தரும் பவுண்டரிகளில் இதைச் சிறு கட்டிகளாக எடைபோட்டு உலையில் போடுகிறார்கள். பழைய இரும்பிலிருந்து வரும் கந்தகத்தைக் கட்டுவதுதான் முதல் வேலை. கந்தகத்தின் அளவை 1.7ஆல் பெருக்கி, 0.3 விழுக்காடு கூட்டினால் வேண்டிய மாங்கனீசு வரும் என்பது பவுண்டரிக்காரர்களின் பழைய கணக்கு. அளவு மிஞ்சினால் வார்ப்படம் கடினமாகிக் கடைசல் பட்டறையில் கருவி முனை தேயும்.

வார்ப்படங்களில் ஜல்லி கிரஷரின் தாடைத் தகடு இன்னொரு வகை. 1882இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய, நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் மாங்கனீசு சேர்ந்த எஃகு அது. இதன் குணமே தலைகீழ். மற்ற எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். இதையோ ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி முக்கினால்தான் நொறுங்காத தன்மை வரும். கருங்கல் மோத மோதத் தகட்டின் மேற்பரப்பு மட்டும் இறுகிக்கொண்டே போகும், உள்ளே நெகிழ்வு மாறாது. கடைசல் கருவிக்கு எளிதில் வசப்படாததால் பெரும்பாலும் சாணை பிடித்தே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதை உருக்கும் உலைக்கு வழக்கமான சிலிகா பூச்சு உதவாது, மாங்கனீசு ஆக்சைடு அதை அரித்துவிடும். மக்னீசியா பூச்சு தேவை. சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதும் அதே மக்னீசியாதான்.

வயலில் தேவைப்படுவது மிகச் சிறிய அளவு. சுக்கான் கலந்த காரத்தன்மையுள்ள நிலங்களில் மண்ணில் மாங்கனீசு இருந்தும் வேருக்கு எட்டாது. இலையின் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். அதற்கு மாங்கனீசு சல்பேட் தெளிக்கிறார்கள். பயிர் நுண்ணூட்டக் கலவைகளிலும் அது ஒரு கூறு. பேட்டரித் தொழிலில் மாங்கனீசு டையாக்சைடு 1860களில் லெக்லாஞ்சே மின்கலம் வந்த காலம் முதல் இருக்கிறது.

எவர்சில்வரில் மாங்கனீசு புகுந்தது நிக்கலின் விலையால். 304 என்ற தரத்தில் எட்டு விழுக்காடு அளவுக்கு நிக்கல் உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது 200 வரிசைத் தகடு. விலை குறைவு, பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. உப்பும் புளியும் நாள்பட ஊறினால் துரு எட்டிப்பார்க்கும். பாத்திரக் கடையில் பலர் காந்தத்தை ஒட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். இரண்டு வகையிலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இங்கே பயன்படாது. பழைய இரும்பு வியாபாரிகளின் வழி வேறு: தகட்டின் மேல் ஒரு சொட்டுச் சோதனைத் திரவம் விட்டுச் சிறு பேட்டரியைத் தொடவைக்கிறார்கள், சொட்டு சிவந்தால் மாங்கனீசுத் தகடு என்று விலையைக் குறைத்துச் சொல்கிறார்கள்.