முப்புரியும் ஒரு வரைபடமும்

கோச்சடையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது உள்ளே பெரிய வழக்கு நடந்து கொண்டிருந்தது. பெண் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டாள், புரதங்களின் அமைப்பை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற வேண்டும் என்கிறாள். "ஏண்டி, இன்னும் அஞ்சு வருஷமா? அதிலே என்னதான் கிடைக்கும்?" என்றாள் பாட்டி. நியாயமான கேள்வி. தீர்ப்புச் சொல்ல நான் யார்? சென்னையில் நடந்த ஒரு கதையை மட்டும் சொன்னேன்.

1952-ஆம் ஆண்டில் சென்னை சர்வகலாசாலைக்குப் பௌதிகப் பேராசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், ஸர் சி.வி. ராமனையே அழைத்தார். ராமன் தாம் வராமல் தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைச் சிபாரிசு செய்தார். எர்ணாகுளத்தில் பிறந்தவர், வயது முப்பதை ஒட்டி. முப்பது வயதுக்காரரிடம் ஒரு துறையையே ஒப்படைக்கும் துணிச்சல் அன்று இருந்தது!

அந்த ஆண்டே பெர்னால் என்ற விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோலையும் எலும்பையும் தசைநாணையும் கட்டிக் காக்கும் புரதம் அது. தோலைப் பதனிடுகிறவர் பதனிடுவதும் அதைத்தான். ஆகவே ராமச்சந்திரன் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தை நாடினார். கிடைத்தது கங்காருவின் வால் நரம்பு! அதில் எக்ஸ்ரேயைச் செலுத்தி, கோபிநாத் கர்த்தாவுடன் உட்கார்ந்து மாதிரி கட்டினார். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' பத்திரிகையில் விடை வெளிவந்தது: கொலாஜன், மூன்று சரங்கள் சேர்ந்த அமைப்பு. மறு ஆண்டு அதைத் திருத்தி, மூன்றும் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரி என்றார்கள்.

உடனே கேம்பிரிட்ஜிலிருந்து ஆட்சேபம் வந்தது. எழுதியவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர், ரிச்சும் கிரிக்கும். சென்னை மாதிரியில் சில அணுக்கள் மட்டுமீறி நெருங்கியிருக்கின்றன. சரங்களைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று கண்ணிக்கு இரண்டல்ல, ஒன்றுதான் என்றார்கள். பிணைப்புக் கணக்கில் பிற்பாடு அவர்கள் கட்சியே வலுத்தது. முப்புரி நிலைத்தது.

வேறொருவராக இருந்தால் மறுப்புக்கு மறுப்பு எழுதியே காலத்தைக் கழித்திருப்பார். ராமச்சந்திரன் ஆட்சேபத்தையே கேள்வியாக்கினார். இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை அமைப்பு தெரிந்த படிகங்களையெல்லாம் புரட்டி, அந்தக் குறைந்தபட்ச தூரங்களைத் திரட்டினார்கள்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே இடங்களில்தான் அது தாராளமாகத் திரும்பும். ஆக, இரண்டு கோணங்கள். ஒன்றைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் வைத்து ஒரு சதுரம் போட்டால், எந்தத் திருப்பத்தில் அணுவோடு அணு மோதும், எதில் மோதாது என்று புள்ளி புள்ளியாகக் குறித்துவிடலாம். சொல்வதற்கு ஒரு வாக்கியம். போடுவதற்கு மலைபோல் கணக்கு. மேஜைமேல் வைத்துச் சுழற்றும் கணக்கு யந்திரந்தான் துணை. அவரிடம் ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்ந்த சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் இந்த வேலையில் தோள் கொடுத்தார்கள். கடைசியில் சதுரத்தின் பெரும் பகுதி தடை செய்யப்பட்ட பிரதேசமாக நின்றது. இடம் கிடைத்தவை சில தீவுகள் மாத்திரம். 1963-ல் ஐந்தே பக்கத்தில் அச்சாயிற்று.

"அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்களா?" என்று கேட்டாள் பாட்டி. இல்லை. 2001-ல் காலமானார். 2024-ல் புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காகவும், புரதங்களின் வடிவத்தை முன்கூட்டிச் சொன்னதற்காகவும் மூவருக்கு ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இன்று ஒருவர் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தால், அது சரிதானா என்று ஒத்துப் பார்ப்பதற்கு அந்தக் கிண்டிச் சதுரம் இன்னும் வேண்டியிருக்கிறது. உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்றே அழைக்கிறது. கட்டுரையின் தலைப்பில் மட்டும் பெயர்கள் மூன்று: ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன்.