அலைவரிசையில் ஒரு புறம்போக்கு

ஃபாஸ்டேக் பத்திப் புலம்பாத ஆளே கிடையாது. கட்டணத்தை விடுங்க. கண்ணாடியில ஒட்டுன அந்த ஸ்டிக்கர் எந்த அலைவரிசையில பேசுதுங்கறதுல ஒரு நல்ல வரலாறு இருக்கு.

1933-ம் வருஷத்து கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமமோ விலக்கோ இல்லாம ரேடியோ கருவி வச்சிருக்கறதே குற்றமா இருந்துச்சு. ஆர்.எஃப்.ஐ.டி. ரீடரும் ரேடியோ கருவிதான். அதாவது ஓசூர் சிப்காட்டுல ஒரு சின்னக் கம்பெனி தன் கிடங்கு வாசல்ல ரீடர் மாட்டணும்னாலும் டெல்லி தயவு வேண்டியிருந்துச்சு.

அமெரிக்காவுல இதுக்குன்னு 902 முதல் 928 வரை, 26 மெகாஹெர்ட்ஸ் இருக்கு. நம்மால அதைக் காப்பியடிக்க முடியல. இங்க 890-915-ல ஜி.எஸ்.எம். கைபேசிங்க குடியிருந்துச்சு. அதுக்குக் கீழ 869-889-ல சி.டி.எம்.ஏ. கோபுரங்கள். அதுக்கும் கீழ 865-867ன்னு ஒரு சந்து. 2005-ல மத்திய அரசு அந்த 2 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமம் வேண்டாம்னு அறிவிச்சுது. நிபந்தனை: கருவியோட திறன் 1 வாட், ஆன்டெனாவுல இருந்து வீசுறது 4 வாட், ஒரு சானலுக்கு 200 கிலோஹெர்ட்ஸ். கணக்குப் போட்டா பத்தே சானல்!

வாட் கணக்கு ஏன் முக்கியம்? டேக்குல பேட்டரி கிடையாது. ரீடர் வீசுற அலையிலேயே உயிர் வாங்கி, அதையே திருப்பி அனுப்புது. திறன் குறைஞ்சா தூரமும் குறையும். போதாக்குறைக்கு இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணி உறிஞ்சிடும். எங்க கிருஷ்ணகிரி மாம்பழக்கூழை இரும்பு டிரம்முல அடைச்சு அனுப்பறாங்க, பாருங்க. வெளிய இரும்பு, உள்ள ஈரம். சாதா டேக்கை அது மேல ஒட்டுனா ஊமையாயிடும். இடைவெளி விட்டு ஒட்டுற தடிமனான டேக் வேணும், விலையும் கூட. லாரியில தகரத்தை விட்டுட்டுக் கண்ணாடியில ஒட்டுறதும் இதனாலதான்.

2010-ல நந்தன் நீலகேணி குழு சுங்கச்சாவடிக்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பரிந்துரை பண்ணுச்சு. 2014-ல ஃபாஸ்டேக் வந்துச்சு. 2021 பிப்ரவரியில கட்டாயம் ஆச்சு. அதே வருஷம் சரக்குக்கான இ-வே பில்லையும் இதோட இணைச்சாங்க. மத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரி வழியா ஓசூர் தாண்டி பெங்களூரு போற லாரி, வழியில சுங்கச்சாவடியில பதிவாகறது அந்தச் சந்துலதான். 2021 கடைசியில சந்தை 868 வரைக்கும் அகலமாக்குனாங்க.

எனக்குப் பிடிச்சது என்னன்னா, 2010-ல 3ஜி ஏலத்துல அரசுக்குக் கிடைச்சது சுமார் 67,700 கோடி. அப்படிப்பட்ட அலைக்கற்றையில இந்தத் துண்டு மட்டும் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. யார் வேணா மேய்க்கலாம், பக்கத்து மாடு முட்டுதுன்னு யாரும் கேஸ் போட முடியாது. பெரிய கம்பெனிக்கும் சின்னப் பட்டறைக்கும் ஒரே சட்டம். தரிசுன்னு நெனச்சு இதையும் ஏலம் விட்டிருந்தா, சின்னவங்க இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது. ஊருல புறம்போக்கைத் தொலைச்ச நாம, காத்துல இருக்கறதையாவது காப்பாத்தணும். என்ன சொல்றீங்க? :-)