சூப்பர் கப்பும் தற்செயல் வாதமும்: ஒரு நேர்காணல் சொல்வதும் சொல்லாததும்

ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்றுக் காலூன்றிய வரலாறு, புதுப்பொருள் உருவாக்கம் பற்றிய பாடங்களில் பெரும்பாலும் ஒரே நீதிக்காகச் சொல்லப்படுகிறது: திட்டம் பொய்த்தது, தற்செயல் கைகொடுத்தது, கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள் வென்றார்கள். இந்த வாசிப்பு ஒரே ஒரு சான்றின் மேல் நிற்கிறது. ரிச்சர்ட் பாஸ்கேல் 1984-இல் ‘கலிஃபோர்னியா மேனேஜ்மென்ட் ரிவ்யூ’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் பதிவாகியுள்ள நேர்காணல்தான் அது. அந்த நேர்காணலின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அதன் மேல் ஏற்றப்படும் முடிவு அது தாங்கும் எடையைவிட மிகுதி என்பதே என் வாதம். அதில் பேசியவர்கள் ஹோண்டாவின் 50 சி.சி. வண்டியான சூப்பர் கப்பை விற்கப் போனவர்கள். அதை உருவாக்கியவர்கள் அல்லர்.

விவாதத்தின் எதிர்த்தரப்பான 1975-ஆம் ஆண்டு பாஸ்டன் கன்சல்டிங் குரூப் அறிக்கையை நீட்டிப் பேசத் தேவையில்லை. அமெரிக்காவில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் பங்கு 1959-க்கும் 1973-க்கும் இடையே 49 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாகச் சரிந்திருந்தது. பிரிட்டிஷ் தொழில் ஏன் வீழ்ந்தது என்று அந்நாட்டு அரசுக்கு விளக்க எழுதப்பட்டது அந்த அறிக்கை. விளைவிலிருந்து பின்னோக்கி நடந்து, பெருமளவு உற்பத்தியால் அடக்கவிலையைக் குறைத்து முன்னேறும் ஒரு திட்டத்தை அது கண்டெடுத்தது. அப்படியொரு திட்டம் யார் மனத்தில், எந்த ஆண்டில் இருந்தது என்று அது கேட்கவில்லை. பாஸ்கேல் கேட்டார், கேட்டது சரியே. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள், அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையை முற்றிலும் வேறான இன்னொரு கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க நுழைவுக்குப் பொறுப்பாக இருந்த ஆறு ஜப்பானிய நிர்வாகிகளை 1982 செப்டம்பரில் டோக்கியோவில் ஒன்றாக உட்காரவைத்துப் பாஸ்கேல் பேசினார். மையக் குரல் கிஹாசிரோ கவாஷிமாவுடையது. அமெரிக்காவில் ஏதாவது விற்க முடிகிறதா பார்க்கலாம் என்பதற்கு மேல் உத்தி என்று எதுவும் இல்லை என்கிறார். ஐரோப்பாவிலிருந்து ஆண்டுக்கு 60,000 மோட்டார் சைக்கிள்கள் அங்கே இறக்குமதியாகின; அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்பது கணக்கு. ஜப்பானிய நிதி அமைச்சகம் 2,50,000 டாலருக்கு அனுமதி தந்தது. அதிலும் ரொக்கம் 1,10,000 டாலர்தான். மீதி வண்டிகளாகவும் உதிரிப் பாகங்களாகவும் போக வேண்டும். 50, 125, 250, 305 சி.சி. என நான்கு வகை வண்டிகளைச் சம பங்காக ஏற்றிச் சென்றார்கள். நம்பிக்கை பெரிய வண்டிகளின் மேல்தான் இருந்தது. 250, 305 சி.சி. வண்டிகளின் கைப்பிடி புத்தரின் புருவம்போல் வளைந்திருப்பது விற்பனைக்குத் துணைநிற்கும் என்று நிறுவனர் சோய்சிரோ ஹோண்டா கருதினாராம்.

1960 ஏப்ரலில் அந்தப் பெரிய வண்டிகள்தான் காலை வாரின. ஜப்பானில் ஓடியதைவிட நீண்ட தொலைவு, அதிக வேகத்தில் ஓட்டப்பட்டதால் எண்ணெய் கசிந்தது; கிளட்ச் பழுதானது. இதற்கிடையே நிறுவன ஊழியர்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள் தங்கள் சில்லறை வேலைகளுக்கு 50 சி.சி. சூப்பர் கப்பில் போய்வந்துகொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் விசாரித்தார்கள். சியர்ஸ் நிறுவனத்திலிருந்தும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முரட்டு ஆண்களின் சந்தை என்று கருதப்பட்ட இடத்தில் இந்தச் சின்ன வண்டியை முன்னிறுத்தினால் பெயர் கெடும் என்று தயங்கியவர்கள், வேறு வழியில்லாமல் அதை இறக்கினார்கள். வாங்கி விற்க முன்வந்தவை விளையாட்டுப் பொருள் கடைகள். 1964-இல் அமெரிக்காவில் விற்ற மோட்டார் சைக்கிள்களில் கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று ஹோண்டா.

இதில் தற்செயல் என்று அழைக்கப்படுவது எது? ஊழியர்கள் நகருக்குள் சில்லறை வேலைக்குச் சின்ன வண்டியில் போய்வந்தது. இந்த இடத்தைத்தான் ஆய்வாளர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என நினைக்கிறேன். நகரத்தில் குறுகிய தொலைவு, கையில் ஒரு பொட்டலம், அடிக்கடி நிறுத்தம், மோட்டார் சைக்கிள் வீரர் அல்லாத ஓட்டுநர்: எந்த வேலைக்காக அந்த வண்டி வரையப்பட்டதோ, அதே வேலையைத்தான் அது லாஸ் ஏஞ்சலஸிலும் செய்தது. யார் பார்ப்பார்கள் என்பது தெரியாமல் இருந்திருக்கலாம். பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது 1958-லேயே முடிவாகிவிட்டது.

விற்பனைப் பொறுப்பை ஏற்றிருந்த தாகேயோ ஃபுஜிசாவா, சோபா நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறுகையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்று கேட்டதாகச் சொல்லப்படுவதுண்டு. நிறுவனமே பலமுறை சொல்லிப் பழகிய கதை இது. அதை மட்டும் நம்பி வாதிடுவது, நேர்காணலை மட்டும் நம்புபவர்கள் செய்யும் அதே பிழையாகும். நினைவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, 1958 ஆகஸ்டில் வெளிவந்த சி100 சூப்பர் கப் வண்டியையே சான்றாக எடுத்துக்கொள்வோம். அதன் இடது கைப்பிடியில் கிளட்ச் லீவர் கிடையாது. என்ஜின் வேகம் குறையும்போது தானே விலகும் கிளட்ச், கியர் மிதியை அழுத்தினாலும் விலகிக்கொள்ளும். முன் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் வலக்கைக்கு, கியர் இடப் பாதத்துக்கு. இடக்கைக்கு வேலையே இல்லை. இத்தகைய கிளட்ச் எளிய வேலையோ மலிவான வேலையோ அல்ல. யாரோ அந்தக் கை காலியாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தால் தவிர, 50 சி.சி. வண்டியில் அதற்கு இடமே இல்லை.

மற்ற உறுப்புகளும் இவ்வாறே. பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில், சிலிண்டர் ஏறத்தாழப் படுக்கை நிலையில். பாவாடையோ கிமோனோவோ உடுத்தவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். பாலிஎத்திலீன் கால்மறைப்பு சேற்றையும் காற்றையும் தடுப்பதோடு என்ஜினையும் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஜப்பானில் தார் காணாத சாலைகளுக்காக 17 அங்குலச் சக்கரம். அங்கிருந்த டயர் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் செய்யாத அளவு அது, தனியாகச் செய்யச்சொல்லி வாங்க வேண்டியிருந்தது. சின்ன வண்டிகள் பெரும்பாலும் இரட்டை வீச்சு என்ஜினில் புகை கக்கிக்கொண்டு ஓடிய காலத்தில், 49 சி.சி. நான்கு வீச்சு என்ஜினிலிருந்து 4.5 குதிரைத்திறன் எடுத்தார்கள். 1956 இறுதியில் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஐரோப்பாவுக்குப் போய், அங்கு விற்ற மொபெட்டுகளையும் ஸ்கூட்டர்களையும் பார்த்துவந்தார்கள். அங்கே பார்த்த எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இந்த வண்டியே சாட்சி.

எனவே இரண்டைப் பிரித்துப் பேச வேண்டும் என்கிறேன். ஒன்று சந்தைக் கணிப்பு: எந்த நாட்டில், எவ்வளவு, யாருக்கு விற்கும் என்ற முன்மதிப்பீடு. மற்றது பொருள் வரையறை: ஓட்டுபவரின் கை, கால், உடை, அவர் போகும் சாலை, அவர் சுமப்பது ஆகியவற்றுக்குப் பொருள் எப்படி ஈடுகொடுக்க வேண்டும் என்ற முடிவு. கவாஷிமாவும் உடனிருந்தோரும் முதலாவது பொய்த்ததற்கு நேரடிச் சாட்சிகள். அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவதைப் பற்றி அவர்கள் சாட்சி சொல்லவில்லை, சொல்லக்கூடிய இடத்திலும் இல்லை. வரைபடப் பலகைக்கு முன் நின்றவர்கள் யாரும் அந்த அறைக்கு அழைக்கப்பட்டிருக்கவில்லை. ‘திட்டமில்லை’ என்று விற்பனையாளர் சொன்னதை, ‘திட்டமில்லாமல் உருவாக்கினார்கள்’ என்று படிப்பதற்கு அந்த ஆவணத்தில் ஆதாரம் இல்லை.

அதற்கு மாறான ஆதாரம் அதே கட்டுரைக்குள் கிடக்கிறது. மாதம் 30,000 வண்டிகள் செய்யும் ஆலையை, 1960-இல் முடிந்த சுசுகா தொழிற்சாலையை, ஏன் கட்டத் துணிந்தீர்கள் என்ற இடத்தில் நிர்வாகி ஒருவர் அது சூதாட்டம் அல்ல என்கிறார்: தொழில்நுட்பம் எங்களிடம் இருந்தது, சந்தை இருந்தது, தேவை மிகப் பெரிதாக இருந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். 1959-இல் ஹோண்டா விற்ற 2,85,000 வண்டிகளில் 1,68,000 சூப்பர் கப். அமெரிக்காவில் கடை திறந்த ஆண்டிலேயே, தாய்நாட்டில் அந்த வண்டியின் வரையறை சரிதான் என்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. தற்செயல் வாதம் இந்தப் பத்தியை மேற்கோளாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

விளையாட்டுப் பொருள் கடைகளையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1952-இலேயே ஃபுஜிசாவா, மிதிவண்டியில் பொருத்தும் கப் எஃப் வகை என்ஜினை விற்க, நாடெங்கும் மிதிவண்டிக் கடைகளுக்குக் கடிதம் எழுதிப் புதிய விற்பனை வலை ஒன்றை உருவாக்கியிருந்தார். மோட்டார் சைக்கிள் கடைகளுக்கு வெளியே மோட்டார் வண்டி விற்பது ஹோண்டாவுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் இருந்தவர்கள் அந்த அனுபவத்தை எண்ணித்தான் செயல்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நேர்காணலில் அதற்குக் குறிப்பில்லை. ஆனால் எண்ணெய்க் கறை படாத, என்ஜின் கண்ணில் படாத ஒரு பொருளைத்தான் மட்டைகளும் பந்துகளும் விற்கும் கடைக்காரர் தன் கடைக்குள் நிறுத்துவார். 305 சி.சி. வண்டியை அவர் வாங்கியிருப்பாரா?

என் பிரிப்புக்கு வலுவான சோதனை ஹோண்டாவின் சொந்தத் தோல்வியிலேயே இருக்கிறது. 1954-இல் வந்த ஜூனோ ஸ்கூட்டரில் புதுமைக்குப் பஞ்சமில்லை: கண்ணாடியிழை நெகிழி உடல், மின்சார ஸ்டார்ட்டர், மழை படாத பெரிய முன்கண்ணாடி. ஃபூஜியின் ராபிட்டும் மித்சுபிஷியின் சில்வர் பிஜனும் ஆண்ட ஸ்கூட்டர் சந்தையைப் பிடிப்பது இலக்கு. வண்டி கனத்தது, என்ஜின் சூடேறியது, சந்தையிலிருந்து மறைந்தது. தற்செயல் வாதிகள் இதைத் திட்டமிடல் தோற்ற கதையாகவும் சூப்பர் கப்பைத் திட்டமிடாமை வென்ற கதையாகவும் எளிதாகச் சொல்லிவிடலாம். இரண்டுமே திட்டமிட்ட பொருள்கள்தான். ஜூனோ போட்டியாளரைப் பார்த்து வரையப்பட்டது; சூப்பர் கப் ஓட்டுபவரைப் பார்த்து வரையப்பட்டது. நெகிழியில் வண்டி உடல் செய்த அனுபவமும் நான்கு ஆண்டுகளில் வீணாகிவிடவில்லை.

எழக்கூடிய மறுப்புகளில் ஒன்றுக்குத்தான் முழு மரியாதை தர வேண்டும். சூப்பர் கப் அமெரிக்காவுக்கு ஒத்துவராது என்று ஹோண்டாவே நினைத்தது. அப்படியானால் அதன் வரையறைக்கு அமெரிக்க வெற்றியில் பங்கு கோருவது பின்னோக்கிய அறிவு அல்லவா? நோக்கத்தில் பங்கு கோரவில்லை; காரணத்தில் கோருகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் தெருவைப் பற்றி 1957-இல் யாரும் எண்ணியிருக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளை விரும்பாதவரும் ஓட்டத்தக்க வண்டி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டார்கள். அத்தகைய மனிதர்கள் கலிஃபோர்னியாவிலும் இருந்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் வகுப்புப் பயிற்சியிலிருந்து பிறந்த 1963 விளம்பரம், நல்ல இயல்புள்ள சாதாரண மனிதர்களாக ஹோண்டா வண்டியில் ஏற்றிக் காட்டியது அவர்களைத்தான். ஒற்றை நிகழ்விலிருந்து பொதுவிதி கூடாது என்ற மறுப்பு, அதே ஒற்றை நிகழ்விலிருந்து எதிர்விதி எடுத்தவர்களுக்குத்தான் முதலில் பொருந்தும்.

எஞ்சியிருப்பது 1960-ஆம் ஆண்டின் பழுது. லாஸ் ஏஞ்சலஸில் உடைந்த வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் புதிய கேஸ்கெட்டும் கிளட்ச் ஸ்பிரிங்கும் திரும்பி வந்தன. இதை ‘விரைந்து கற்றல்’ என்று பெயரிட்டு நிறுத்திவிடுவது வழக்கம். பசிபிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த உடைந்த உறுப்பைக் கையில் வாங்கி, அதே பழுதைத் தங்கள் சோதனைக்கூடத்தில் மறுபடி உண்டாக்கிப் பார்த்து, மாற்று வரைந்து செய்துதரக்கூடிய ஆட்களும் கருவிகளும் ஏற்கெனவே ஒரு கூரையின் கீழ் இருந்தார்கள். அன்றாட விற்பனை நெருக்கடி அவர்களை இழுத்துக்கொள்ளாமல் யாரோ காத்துவைத்திருந்தார்கள். 1960 ஜூலையில் ஹோண்டா தன் ஆய்வுப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்தது. அந்தப் பிரிவினையை வற்புறுத்தியவர் பொறியாளரான ஹோண்டா அல்லர். நிறுவனத்தின் விற்பனையைக் கையில் வைத்திருந்த ஃபுஜிசாவா.