துருக்கித் தொப்பியும் வழுக்கைத் தலையும்

“தொப்பி போட்டுப் போட்டே முடி போச்சி” என்ற கதை பேசப்படாத முடிவெட்டும் கடை எமது ஊர்களில் இருக்குமா என்பது சந்தேகம். தொழுகை முடிந்ததும் தொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கும் இளைஞர்களைக் கேட்டால், “முடி கொட்டுது நானா” என்கிறார்கள். இவர்களுடைய பூட்டன்மார் தொப்பியைக் கழற்ற மறுத்து ஒரு போராட்டமே நடத்தியவர்கள். 1905ஆம் ஆண்டு சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் வாதாடப் பிரதம நீதியரசர் லேயார்ட் இடங்கொடுக்கவில்லை. அதனை எதிர்த்து அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் பெருங்கூட்டம் கூடியது. பின்னர் அனுமதியும் கிடைத்தது. இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. தொப்பிக்குள்ளே இருந்த தலையைப் பற்றித்தான் எவரும் எழுதவில்லை.

தொப்பி தலைக்குக் கேடு என்ற எண்ணம் மிகப் பழையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ், பாரசீகரும் எகிப்தியரும் பொருதிய பழைய போர்க்களமொன்றில் சிதறிக் கிடந்த மண்டையோடுகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பாரசீகர் மண்டை சிறு கல் பட்டாலே ஓட்டையாகிவிடுமாம். எகிப்தியர் மண்டையைப் பெரிய கல்லால் அடித்தாலும் உடைவது கஷ்டமாம். எகிப்தியர் சிறுபிராயம் தொட்டுத் தலையைச் சிரைத்து வெயிலில் திரிவதால் எலும்பு இறுகியது என்றும், வழுக்கையர் அந்நாட்டில் மிகக் குறைவாக இருப்பதும் அதனாலேதான் என்றும், பாரசீகர் எந்நேரமும் கம்பளித் தொப்பிக்குள் தலையை வைத்திருந்ததே அவர்கள் மண்டை இளகியதற்குக் காரணம் என்றும் அவர் விளக்கம் சொல்கிறார். நாற்பதுக்கு முடி இறக்கினால் பிள்ளைக்கு அடர்த்தியாக வளரும் என்று எங்கட பெத்தும்மாமார் சொன்னதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். மயிரின் வேர் தோலுக்குக் கீழே இருக்கிறது. மேலே ஓடும் சவரக்கத்திக்கு அந்த வேரோடு எந்தத் தொடர்பும் இல்லை.

அரபு மருத்துவம் முடி உதிர்வதைத் தனி நோயாகவே எடுத்துப் பேசியது. திட்டுத்திட்டாக முடி கொட்டுவதற்கு ‘தாஉத் தஃலப்’, அதாவது நரி நோய் என்று பெயர். கிரேக்கச் சொல்லும் நரியிலிருந்தே வந்தது. நரிக்குச் சொறி பிடித்து மயிர் உதிர்வதைக் கண்டு வைத்த பெயர் அது. தமிழில் புழுவெட்டு என்கிறோம். அங்கே நரி, இங்கே புழு. இரண்டும் அந்நோய்க்குக் காரணமில்லை. இப்னு ஸீனா தமது ‘கானூன்’ நூலில், உடலிலிருந்து எழும் புகை போன்ற ஆவி தோலின் துளைகளில் உறைந்தே முடி உண்டாகிறது என்ற விளக்கத்தைத் தருகிறார். துளை திறந்திருக்க வேண்டும், தலை மூச்சு விட வேண்டும் என்ற பொதுசனப் பேச்சுக்கு இப்படியான பழைய மருத்துவக் கொள்கைகளே வேராக இருந்திருக்கும் என எண்ணத் தோன்றுகிறது.

எமது நாட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைப்படங்களில் காணப்படும் சோனக ஆடவர் தலையை மழித்து, விளிம்பில்லாத உயரமான கோலத்தொப்பி அணிந்திருக்கிறார்கள். உஸ்மானிய நாட்டிலும் தலைப்பாகைக்குக் கீழே சிரைத்த தலையே வழக்கம். 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தமது உத்தியோகத்தர்களின் தலைப்பாகையை இறக்கிவிட்டுத் தொப்பியைச் சட்டமாக்கினார். விளிம்பில்லாத தொப்பி ஸுஜூதுக்குத் தடையாக இருக்காது. இலங்கையில் அத்தொப்பி பரவுவதற்கு, 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்து 1901வரை இங்கிருந்த ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் பெருங்காரணம். சித்திலெப்பை போன்றோர் புதுக்கல்விக்குப் பாடுபட்ட அதே காலத்தில் துருக்கித் தொப்பியும் காற்சட்டையும் படித்த முஸ்லிமின் அடையாளமாயின. தொப்பிக்குக் கீழே கத்தரித்த முடியும் அப்போதுதான் மெல்ல மெல்ல வளரத் தொடங்கியது.

எனது அபிப்பிராயத்தில் விடயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஊரெல்லாம் மொட்டைத்தலையாக இருந்த காலத்தில் எவர் வழுக்கை, எவர் மழித்தவர் என்று யாருக்குத் தெரியும்? முடி வைத்திருப்பவனுக்குத்தான் முடி போகும் கவலை. எமது ஆடவர் முடி வளர்த்ததும் துருக்கித் தொப்பி அணிந்ததும் ஏறத்தாழ ஒரே தலைமுறைகளில் நடந்தன. ஆகவே, புதிதாகக் கண்ணில் பட்ட வழுக்கைக்குப் புதிதாக வந்த தொப்பி குற்றவாளியாயிற்று. இன்னொன்று, வழுக்கை விழுந்தவர்தான் தொப்பியைக் கழற்ற விரும்பமாட்டார். பார்ப்பவருக்கோ தொப்பிக்காரரெல்லாம் வழுக்கையராகத் தெரியும். ரோமாபுரி ஜூலியஸ் சீசர் தமது வழுக்கையை மறைப்பதற்காகவே வாகை இலை முடியை விரும்பி அணிந்தார் என்று பழைய ரோம நூலொன்று சொல்கிறது. அந்த இலை முடிதான் அவரை வழுக்கையாக்கிற்று என்று எவரும் சொல்லவில்லை.

ஐரோப்பிய வைத்தியர்களும் இந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. இறுக்கமான தொப்பி நெற்றிப்பொட்டு இரத்தக் குழாய்களை நெரிக்கிறது, இரத்தமின்றி முடி சாகிறது என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே எழுதினார்கள். தலையில் சின்னக் காயம் பட்டாலும் எவ்வளவு இரத்தம் ஓடும் என்பதை எந்த உம்மாவிடம் கேட்டாலும் சொல்வார். தலைத்தோலுக்குப் பல பக்கமிருந்தும் இரத்தம் வருகிறது. ஒரு தொப்பியின் பட்டி அதனை நிறுத்திவிடாது. காற்றுக் கதையும் அப்படியே. வேர் தன் உணவை இரத்தத்திலிருந்துதான் எடுக்கிறது.

ஆண்கடன் பண்ணப்பட்டவர்களுக்கும் சிறுவருக்கும் வழுக்கை விழுவதில்லை என்று அரிஸ்டாட்டில் அன்றே கவனித்திருந்தார். இதன் பொருளை 1942இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் தெளிவாக்கினார். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண் ஹோர்மோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி குறையத் தொடங்கியது. பரம்பரையும் ஹோர்மோனும் சேர்ந்து செய்யும் வேலை இது. 1959இல் நியூயோர்க் வைத்தியர் நோர்மன் ஒரென்ட்ரைக் வெளியிட்டது இன்னும் வலுவான சான்று. தலையின் பின்புறத்து முடியை வேரோடு எடுத்து முன்புறத்து வழுக்கையில் நட்டால் அது உதிராமல் வளர்கிறது. அதே இடம், அதே வெயில், மேலே அதே தொப்பி. வேர் எங்கிருந்து வந்தது என்பதே முடிவு செய்கிறது. எங்கட வெள்ளைத்தொப்பி உச்சந்தலையில் குந்துகிறது, ஆண்களின் வழுக்கையும் அங்கேயே விழுகிறது. சந்தேகம் வந்ததில் வியப்பில்லை.

ஆனால் மூத்தவர்களின் பேச்சை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. எகிப்திலும் மக்ரிபிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் முன்பு தலைத்தோலில் ஒரு பூஞ்சண நோய் பரவலாக இருந்தது. மஞ்சள் நிறக் கிண்ணங்கள் போல் பொருக்குக் கட்டி, வேர்களை அழித்து, தழும்போடு நிரந்தர வழுக்கையை விட்டுச் செல்லும். ஒருவர் தொப்பியை மற்றவர் அணிவது அது பரவும் வழிகளில் ஒன்று. நியூயோர்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கிய குடியேறிகளின் தலையைச் சோதித்து, இந்நோய் இருந்தால் திருப்பியனுப்பினார்கள். அங்கே தொப்பி உண்மையிலேயே முடியைத் தின்றது. 1904இல் பாரிஸ் வைத்தியர் சபூரோ தலைப்படைக்கு எக்ஸ்ரே மூலம் முடி உதிரவைத்துச் சிகிச்சை செய்யும் முறையை நிறுவினார். அது பல நாடுகளுக்கும் பரவியது. 1950களில் இஸ்ரேலில் குடியேறிய பிள்ளைகள் பல்லாயிரம் பேருக்கு, பெரும்பாலும் வட ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு, அந்தக் கதிர் பாய்ச்சப்பட்டது. அவர்களுள் பலருக்குப் பின்னாளில் மூளையிலும் தைரொயிட்டிலும் கட்டிகள் கண்டன. தலைப்படைக்கு உட்கொள்ளும் மாத்திரை வந்தது 1950களின் கடைசியில்தான்.

எட்வர்ட் லேன் 1836இல் வெளியிட்ட எகிப்து நூலில் ஒரு சிறு விவரம் உண்டு. கெய்ரோ மக்கள் சிவப்புத் தொப்பிக்கு உள்ளே ஒரு பருத்திக் குல்லா அணிந்தார்கள். அதனை அடிக்கடி மாற்றினார்கள். வெளித்தொப்பியைக் கழுவ இயலாது, உள்தொப்பியைக் கழுவலாம். கொழும்புப் புழுக்கத்தில் கம்பளித் தொப்பிக்குள் வியர்த்த தலைக்கு இந்த உள்குல்லா எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! வியர்வையும் எண்ணெயும் தேங்கிய தொப்பி பொடுகைக் கூட்டும், வேர்க்குழிகளில் சிறு கொப்புளங்களைக் கிளப்பும். இறுக்கிக் கட்டும் தலைப்பாகை நெடுங்காலம் முடியை இழுத்தால் ஓரத்தில் முடி போவதும் உண்டு. முடியை வாரி முடிந்து தலைப்பாகை கட்டும் சீக்கியரிடம் இதனைக் கண்டிருக்கிறார்கள். மறுபக்கம், வழுக்கைத் தலையை வெயிலிலிருந்து காப்பதற்குத் தொப்பியைப் போல மலிவான மருந்து வேறில்லை.

எமது பள்ளிவாசல்கள் பலவற்றில் வாசலருகே ஒரு பெட்டி இருக்கிறது. வெறுந்தலையோடு வருபவர்களுக்காக அதில் பொதுத்தொப்பிகள், பெரும்பாலும் பிளாஸ்திக்கில் பின்னியவை. அவை கழுவப்படுவதை நான் கண்டதில்லை. பெரியவர்களுக்குத் தலைப்படை வருவது அரிது, சிறுவருக்கே அது இலகுவில் தொற்றும். குர்ஆன் மதரஸா விட்டதும் அந்தப் பெட்டியைக் கிளறுபவர்களும் சிறுவர்கள்தான். தலையில் வட்டமாக முடி முறிந்து, செதில் உதிரக் கண்டால் வெளிப்பூச்சுக் களிம்பு மட்டும் போதாது. வைத்தியர் தரும் மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து குடிக்க வேண்டும். முடியும் பெரும்பாலும் திரும்பி வரும், பொருக்குக் கட்டிச் சீழ் பிடிக்கும் மட்டும் விட்டு வைக்காமலிருந்தால்.