டப்பா இருக்கா, இல்லையா?

பெங்களூரில் இணையதளம் கட்டிப் பிழைக்கும் நம்மாட்கள் வீட்டில் ‘இஸ்செட்’ என்ற சொல் காதில் விழுந்திருக்கும். பிஎச்பி மொழியில் ‘இந்தப் பெயரில் மாறி இருக்கிறதா?’ என்று கேட்கும் கட்டளை அது. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு மக்களே.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பி ரொம்பத் தாராளம். இல்லாத மாறியைக் கேட்டாலும் லேசாக முனகிவிட்டு வேலையைத் தொடரும். கூடவே ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்றொரு வசதி: முகவரியின் கடைசியில் தட்டுவதெல்லாம் தானாகவே மாறியாகிவிடும். நிரலர் ‘அட்மின்’ மாறிக்கு முதலில் மதிப்பு தராமல் விட்டிருந்தால், வழிப்போக்கன் ‘அட்மின்=1’ என்று தட்டி உள்ளே நுழையலாம்! அங்கே இஸ்செட்டும் காவல் இல்லை. ‘ஆமாம், இருக்கிறது’ என்றுதான் சொல்லும். நாமே முதலில் ‘இல்லை’ என்று எழுதி வைத்தால்தான் தப்பிக்கலாம்.

2002 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில் இந்த வசதியை இயல்பாகவே அணைத்துவிட்டார்கள். பழைய தளங்கள் படுத்தன; பலர் மறுபடி முடுக்கிக்கொண்டார்கள் (வேறென்ன செய்வது, வாடிக்கையாளர் கத்துவாரே!). அதே ஆண்டுதான் யாஹூ பிஎச்பிக்கு மாற முடிவெடுத்தது. லெர்டார்ஃபும் அங்கே சேர்ந்தார். பின்னாளில் பெங்களூரிலும் யாஹூவுக்குப் பெரிய மையம் இருந்தது, 2014இல் சுருக்கிவிட்டார்கள். ரெஜிஸ்டர் குளோபல்ஸ் ஒழிந்தது 2012இல், 5.4 பதிப்பில்.

என் எரிச்சலெல்லாம் ‘எம்ப்டி’ மேல்தான். அதற்குச் சுழியமும் வெறும் டப்பாதான். படிவத்தில் ‘குழந்தைகள் எத்தனை?’ என்பதற்கு 0 என்று ஒருவர் ஒழுங்காக எழுதினால், ‘பதிலே தரவில்லை’ என்று திருப்பி அனுப்பும்.

2015இல் வந்த 7ஆம் பதிப்பில் இரண்டு கேள்விக்குறி போட்டாலே போதும்: மாறி இருந்தால் அது, இல்லையென்றால் நாம் சொல்லும் மாற்று. 2020இல் வந்த 8ஆம் பதிப்பில் பழைய முனகல் எச்சரிக்கையாகவே மாறிவிட்டது.