ஞாற்றுவேல

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கு வாசலில்தான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டிய பெரியவர், "திருவாதிர ஞாற்றுவேலயில வெச்ச கொடியாக்கும்" என்றார். கறுத்துச் சுருங்கிய மணிகள். மூக்கில் ஏறும் காரம்.

மலையாளத்தில் ஞாறு என்றால் நாற்று, ஞாற்றடி என்றால் நாற்றங்கால். அதனால் நாற்று நடும் வேளை என்றே பொருள் கொண்டேன். அது தவறு. ஞாற்றுவேல என்பது ஞாயிற்று வேளை. யகரம் தேய்ந்து உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நமக்கு ஞாயிறு என்றதும் விடுமுறைதான் நினைவுக்கு வருகிறது; மலையாள உழவர் வாயில் அது இன்றும் சூரியனாகவே நிற்கிறது.

சூரியன் செல்லும் வழியை 27 நட்சத்திரங்களுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றிலும் அது ஏறக்குறைய 13½ நாள் தங்கும். அந்தத் தங்கல்தான் ஞாற்றுவேல. ஜூன் 22 வாக்கில் திருவாதிரை பிறக்கும். ஆர்த்ரா என்ற வடசொல்லுக்கு ஈரமானது என்று பொருள். அதுவே தமிழில் ஆதிரை. தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும் அந்த நாட்களில் கொடித்தண்டு எளிதில் வேர்பிடிக்கும். சரத்தில் வழியும் மழைநீர் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசேர்க்கவும் உதவுகிறது. பறங்கியர் மிளகுக்கொடியைக் கொண்டுபோகிறார்களே என்று பதறியவர்களிடம், "கொடியைத்தானே கொண்டுபோவார்கள், நம் திருவாதிர ஞாற்றுவேலயை அல்லவே" என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி அமைதியாகச் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதைதான். ஆனால் மழையையும் வெயிலையும் மிளகையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்த மக்களின் கதை.

திருவாதிர ஞாற்றுவேல இரண்டு விண்மீன்கள் சேர்ந்த சொல். ஒன்றான சூரியனின் நடுவில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் பிணைந்து ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாக மாறி வெளியேறுகிறது. அரபிக்கடலை ஆவியாக்கி மழையாக்குவது அந்த ஆற்றல்தான். மற்றொன்றான ஆதிரை, நடுவிலிருந்த ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டு ஹீலியத்தை எரித்துக்கொண்டிருக்கும் செம்பெருமீன். ஒரு லட்சம் ஆண்டுக்குள் அது வெடித்துச் சிதறலாம் என்கிறார்கள் வானியலாளர்கள்.

சூரியன் ஆதிரைக்குப் போவதாகச் சொல்வது கண் காணும் காட்சி. உண்மையில் நகர்வது பூமி. ஆனால் சூரியனும் சும்மா இல்லை. பால்வீதியின் மையத்தை நொடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிவருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 23 கோடி ஆண்டு. ஆதிரையும் அதே பால்வீதியில் தன் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது.

திருவாதிர ஞாற்றுவேலயில் ஆதிரையைக் காண முடியாது. சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைந்துவிடும். மார்கழியில் இருட்டியதும் கிழக்கே பாருங்கள், சிவந்து நிற்கும்.