கித்தார் சொல்லும் சாட்சி

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டில் தூசி படிந்து கிடக்கும் ஒரு பழம்பொருளுக்கும் வரலாறு உண்டு. அது பிறந்த ஊரும் காலமும் பெரும்பாலும் அதன்மேலேயே எழுதப்பட்டிருக்கும். கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும், சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களிலும் ஏதோ ஒரு வீட்டில் பழைய ஜப்பான் கித்தார் ஒன்று இருக்கலாம். அதன் பூர்வீகத்தை அறியும் வழியை இன்று காண்போம்.

ஜப்பான் என்றால் நம் பெரியவர்களுக்கு 1941 டிசம்பரில் தொடங்கிய துன்பக் காலந்தான் நினைவுக்கு வரும். 1943 அக்டோபரில் கெடா சயாமின் கைக்கு மாற்றப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. ஆகவே, ‘ஜப்பான்’ என்று பொறித்த பழைய கித்தார் ஒன்றைக் கண்டால், ‘ஜப்பான்காரன் விட்டுப்போனது’ என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படித்தானா என்பதைக் கித்தாரிடமே கேட்க வேண்டும்.

முதலில் கித்தாரின் வட்டத் துளைக்குள் டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே ஒட்டிய சீட்டில் ‘நிப்பான் காக்கி’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறதா? அது நமக்குப் பழக்கமான யமஹாவின் பழைய பெயர். தோராகுசு யமஹா என்பவர் 1887-இல் ஹமாமட்சு நகரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கன் பெட்டியைப் பழுது பார்த்தார். அந்த அனுபவமே அவரை இசைக்கருவித் தொழிலுக்குக் கொண்டுவந்தது. 1897-இல் அது நிப்பான் காக்கி என்ற கம்பெனியாயிற்று. போர்க்காலத்தில் அங்கே விமான விசிறிகள் செய்தார்கள். போருக்குப் பிறகு அந்த இயந்திரங்களைக் கொண்டே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கி, 1955-இல் அதற்கென்று தனிக் கம்பெனி அமைத்தார்கள். தோட்டச் சாலையில் ஓடிய யமஹா மோட்டார் சைக்கிளின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள மூன்று கவைகளும் சுருதி சேர்க்க உதவும் இசைக்கவைகளே.

இந்தக் கம்பெனி ‘எப்.ஜி.’ என்ற கித்தார் வரிசையை 1966-இல் வெளியிட்டது. அவற்றுள் முந்தியவை சிவப்புச் சீட்டு ஒட்டியவை. 1987-இல் கம்பெனியின் பெயரே யமஹா என்று மாறியது. ஆகவே ‘நிப்பான் காக்கி’, ‘எப்.ஜி.’ என்ற இரண்டும் சீட்டில் இருந்தால், அந்தக் கித்தார் 1966-க்குப் பிந்தியது. ஜப்பான் பட்டாளம் போய் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அது பிறந்திருக்கிறது. ‘தைவானில் செய்தது’ என்றிருந்தால், அது அவர்களுடைய தைவான் தொழிற்சாலையில் உருவானது.

இரண்டாவதாக, ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் பொறித்த பொருள்களும் உண்டு. இதைப் படித்து ஏமாறக் கூடாது. ஆக்கிரமிக்கப்பட்டது ஜப்பான்தான். தோல்விக்குப் பின் அந்நாடு நேச நாடுகளின் பிடியில் இருந்தபோது, ஏற்றுமதிப் பொருள்களில் இட்ட முத்திரை இது. அந்த ஆட்சி 1952 ஏப்ரலில் முடிந்தது.

மூன்றாவதாக, கித்தாரின் தலையில் உள்ள பெயரை மட்டும் நம்பக் கூடாது. வாங்கும் வியாபாரிகள் கேட்ட பெயர்களையெல்லாம் ஜப்பான் தொழிற்சாலைகள் பொறித்துக் கொடுத்தன. ஒரே பட்டறையில் செய்த கித்தார்கள் பல பெயர்களில் விற்பனையாயின. சுசுகி என்ற பெயரைக் கண்டு மோட்டார் சைக்கிளை நினைக்க வேண்டாம். இசைக்கருவி செய்த சுசுகி குடும்பம் நாகோயா நகரில் வயலின் செய்து புகழ் பெற்றது. மோட்டார் சைக்கிள் சுசுகி, தறி இயந்திரம் செய்த வேறொருவர் தொடங்கியது.

அப்படியானால் கித்தார் நம் வீட்டுக்கு வந்த வழி என்ன? 1960-களில் கித்தார் இசைக்குழுக்கள் மலாயா முழுவதும் இளைஞர்களைக் கவர்ந்தன. பக்கத்திலுள்ள பினாங்குத் தீவு 1969 வரை சுங்கவரி இல்லாத துறைமுகமாக இருந்தது. சீட்டு 1966-க்குப் பிந்திய காலத்தைக் காட்டினால், அந்தக் கித்தாரைப் பட்டாளத்துக்காரன் விட்டுப் போகவில்லை. விடியுமுன் எழுந்து மரம் வெட்டிய நம்மவர் ஒருவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியதாக இருக்கலாம். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்காமல் வேறொருவனுக்குக் கொடுப்பது நியாயமாகுமா? மரண ரயில் பாதையின் துயரத்துக்கும் தவறான சாட்சி வேண்டியதில்லை. அதற்கு உண்மையான சாட்சிகள் நிறைய உண்டு.

தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. வீடு மாறும்போது பழம்பொருள்களைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். கித்தார் இருந்தால் உள்ளேயுள்ள சீட்டைக் கிழிக்காதீர்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். புதிதாகச் சாயம் பூசாதீர்கள். யார் வாங்கினார், எந்தக் கடையில், எந்தத் தோட்டத்தில் இருந்தபோது என்று பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கித்தாரோடு வைத்திடுங்கள். சீட்டு சொல்வதையும் பெரியவர்கள் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு வரலாறு கிடைக்கும்.